பெயர் பிழைத்த தெய்வங்கள்

மோதிரம் ஒன்று தொலைந்துவிட்டது. தொலைத்தவன் பெயர் சில்வியானஸ். எடுத்தவன், அவன் ஐயப்பட்டபடி, செனிசியானஸ் என்னும் பெயருடையவன். பிரிட்டன் உரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்த காலம் அது; ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. செவர்ன் ஆற்றை நோக்கி நிற்கும் லிட்னிக் குன்றின்மேல் ஒரு கோயில் இருந்தது. அங்குச் சென்றான் சில்வியானஸ். ஈயத்தகடு ஒன்றில் தன் முறையீட்டைக் கீறினான். மோதிரத்தின் மதிப்பில் பாதி ஆண்டவனுக்கு. அதற்கு ஈடாக, செனிசியானஸ் என்ற பெயருடையார் எவர்க்கும், மோதிரம் கோயில் வந்து சேரும்வரை, உடல்நலம் கிட்டலாகாது! கடவுளோடு பேரம்; பாதிக்குப் பாதி பங்கு; போதாததற்குப் பகைவன்மீது ஏவல். நகைக்க வேண்டா. நேர்த்திக்கடன் என்னும் சொல்லை அகராதியில் வைத்துக்கொண்டிருக்கும் நாம், சில்வியானசைக் கண்டு நகைக்கும் தகுதி உடையோம் அல்லோம்.

அந்தக் கடவுளின் பெயர் நோடென்ஸ்.

பெயரைக் கேட்டதும் உங்களுக்கு எதுவும் தோன்றாது. தோன்றாததில் வியப்பும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் நோயாளிகள் அவனை நாடி அக்குன்றேறினர். நீராட மண்டபம் இருந்தது. வந்தோர் தங்க விடுதி இருந்தது. நாயின் உருவங்களை வெண்கலத்தில் வடித்துக் காணிக்கையாக வைத்தனர். வெண்கலக் கை ஒன்றும் வைத்தனர். பிறகு உரோமப் படை சென்றது, புதிய சமயம் வந்தது, கூரை சரிந்தது, புல் மூடியது. அவனைப் பற்றிய கதை ஒன்றில்லை, பாட்டு ஒன்றில்லை. எஞ்சியது பெயர் ஒன்றே. அதுவும் கல்லிலும் உலோகத்திலும் மூன்று விதமாக எழுதப்பட்ட பெயர். எழுத்துக்கூட்டல் அறியாத அடியார் கையில் ஆண்டவன் படும் பாடு!

1928, 1929 ஆம் ஆண்டுகளில் அக்குன்றை அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். அவருடன் அவர் துணைவியார் டெஸ்ஸா வீலர். பிற்காலத்தில் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்து, 1945 இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டி, உரோமரோடு தமிழர் நடத்திய வாணிபத்தின் சான்றுகளை உலகுக்குக் காட்டிய அதே வீலர்தான். லிட்னியில் கிடைத்த கட்டடத்தை அளக்க அவர் அறிவார். காசுகளை வகுக்க அறிவார். பெயரை என் செய்வது? ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் அப்பெயரை ஆய்ந்து எழுதினார். 1932 இல் வெளிவந்த அகழாய்வு அறிக்கையில் அது பிற்சேர்க்கையாக இடம்பெற்றது. அந்தப் பேராசிரியர் டோல்கீன். ஐந்தாண்டு கழித்து 'ஹாபிட்' கதையும், 1954, 1955 ஆம் ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையும் எழுதி, இல்லாத உலகங்களைப் படைக்கும் கலைக்கே ஆசானாகக் கருதப்பட்டவர். சில்வியானசின் மோதிரமே அவர் கதையின் மோதிரம் என்று சொல்லித் திரிவோர் உண்டு. நாம் அவ்வளவு துணியோம். அவர் பெயரை எப்படி ஆய்ந்தார் என்பதே நமக்கு வேண்டுவது.

சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். ஒலி மாறும் முறையை அறிந்து, பிரிட்டனின் நோடென்சிலிருந்து அயர்லாந்தின் நுவாடாவை அடைந்தார். நுவாடா யார்? போரில் கை இழந்த மன்னன். ஊனமுற்றவன் அரியணையில் அமரலாகாது என்பது அந்நாட்டு வழக்கு. ஆகவே ஆட்சி போயிற்று. மருத்துவன் ஒருவன் வெள்ளியால் கை செய்து பொருத்தினான். வெள்ளிக்கையன் எனப் பெயர் வந்தது. வேல்ஸ் நாட்டுக் கதைகளிலும் இதே அடைமொழியோடு லுத் என்பவன் வருகிறான். ஒரு காலத்தில் இவர்கள் தெய்வங்கள். அயர்லாந்தின் பழங்கதைகளை ஏட்டில் எழுதியவர்களோ கிறித்தவத் துறவிகள். ஒரே கடவுளை ஒப்புக்கொண்ட அவர்கள் இத்தனைத் தெய்வங்களை எங்கே வைப்பது? முன்னாள் அரசர்களாக்கி, வரலாற்றுப் பட்டியலில் அமர்த்திவிட்டனர். கோயிலில் இருந்தவன் கொலுமண்டபத்திற்கு இறங்கினான், உயிர் தப்பினான். நோடென்ஸ் என்னும் சொல்லுக்கு, பிடிப்பவன், கண்ணியில் சிக்கவைப்பவன் என்பதே அடிப்பொருளாகலாம் என்று டோல்கீன் முடித்தார். மோதிரத் திருடனைப் பிடித்துத் தா என்று சில்வியானஸ் சரியான இடத்தில்தான் மனுப் போட்டிருக்கிறான்!

டோல்கீனுக்கு முன்பே இப்பெயரைக் கதையில் எடுத்தாண்டோர் உண்டு. வேல்ஸ் நாட்டு எழுத்தாளர் ஆர்தர் மாச்சென் 1894 இல் எழுதிய அச்சக் கதையில் நோடென்சுக்குரிய கல்வெட்டு ஒன்று வருகிறது. அமெரிக்கரான லவ்கிராப்ட் 1926 இல் எழுதி 1931 இல் வெளியான கதையில் நோடென்சைப் பெரும்பாழின் தலைவனாக்கி, கடல்மேல் வரவழைத்தார். இருவரும் பெயரின் ஒலியில் மயங்கினர். அதன் முதுமையில் மயங்கினர். டோல்கீனோ, அந்தப் பெயரை வழங்கிய மக்கள் எம்மொழி பேசினர், பெயர் எவ்வழியே நடந்து வந்தது என்று கேட்டார். இரண்டு முறைகள். இரண்டிலும் நல்ல கதை பிறக்கும் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் இவற்றின் வேறுபாடு சிறிதன்று. மறக்கப்பட்ட தெய்வத்தின் பெயர், தெருவில் கிடக்கும் கேட்பாரற்ற பொருளன்று. அதைச் சொல்லி அழைத்த மக்கள் இருந்தனர். அதை அழித்த கைகளும் இருந்தன. சில வேளை, அழிக்காமல் திரித்த கைகள் இருந்தன. எடுத்தாள்பவன் அவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான், அறிந்தோ அறியாமலோ.

பெயரில் ஆற்றல் இருக்கிறது என்னும் நம்பிக்கை மிகப் பழையது. எகிப்தியர் கதை ஒன்று, டூரின் நகரக் காட்சியகத்திலுள்ள நாணற்புல் தாள் சுவடியில் இருக்கிறது; ஏறத்தாழ மூவாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடையது. ஞாயிற்றுக் கடவுளாகிய இராவுக்கு முதுமை வந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிற்று. ஐசிஸ் என்பாள் அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து பாம்பு செய்து, அவன் நடக்கும் வழியில் இட்டாள். கடித்தது. நஞ்சு ஏறிற்று. உன் பெயரைச் சொல், பிழைப்பாய் என்றாள். விண்ணைப் படைத்தோன், மண்ணைப் படைத்தோன், காலையில் இன்னான், மாலையில் இன்னான் என அடுக்கினான். அவையெல்லாம் ஊரறிந்த பெயர்கள்; நஞ்சு இறங்கவில்லை. இறுதியில் மறைத்து வைத்த பெயரை விட்டுக்கொடுத்தான்; அதனோடு தன் வல்லமையையும். சுவடியில் அந்தப் பெயர் மட்டும் எழுதப்படவில்லை! கதை, நச்சுக்கடிக்கு ஓதும் மந்திரத்தின் பகுதி. ஓதியவர்கள் தொழில் இரகசியத்தைத் தாளில் வைப்பார்களா?

கதை என்று தள்ளலாம். ஆனால் அரசன் ஒருவன் இதை நம்பி உளி எடுத்தான். கி.மு. 14 ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட நான்காம் அமன்ஹோதெப், அமன் என்னும் கடவுளின் பெயர் கலந்த தன் பெயரைக் களைந்து, அக்னாதன் ஆனான். ஆதன் எனப்பட்ட கதிர்வட்டமே கடவுள் என்றான். ஆட்களை அனுப்பி, நாடெங்கும் அமனின் பெயரைக் கொத்தி எடுக்கச் செய்தான். கர்னாக்கில் வானளாவ நிற்கும் ஒற்றைக்கல் தூணின் உச்சியையும் விடவில்லை. தன் தந்தையின் பெயரிலும் அமன் இருந்தான். அங்கும் உளி பாய்ந்தது. ஏன் இவ்வளவு? பெயர் இருக்குமளவும் கடவுள் இருப்பான் என்று எண்ணினான். அவன் மாண்டதும் காற்று திரும்பியது. அமனின் பூசகர் மீண்டனர். ஆதன் பெயர் தாங்கி வளர்ந்த இளவரசன் தூதங்காமன் எனப் பெயர் மாற்றிக்கொண்டான். பிறகு வந்த சேத்தி மன்னன் அபைதோஸ் கோயிலில் முன்னோர் பட்டியலைப் பொறித்தபோது, மூன்றாம் அமன்ஹோதெப்பை அடுத்து ஹோரெம்ஹெப் நிற்கிறான். இடையில் ஆண்ட அக்னாதன் இல்லை. அவன் வழியினரும் இல்லை. பெயர் அழித்தவன் பெயரும் அழிந்தது. 19 ஆம் நூற்றாண்டில் அமர்னாவின் இடிபாடுகளைப் புரட்டியபின்னரே அவன் திரும்பி வந்தான்.

உளி கொண்டு அழிப்பது முரட்டு வழி. அதைவிட நயமான வழி ஒன்றுண்டு: பெயரை வைத்துக்கொண்டே மானத்தை வாங்குவது.

பாகால் என்று தமிழ் விவிலியத்தில் படித்திருப்பீர்கள். தலைவன், உடையவன் என்பது அச்சொல்லின் பொருள். சிரியா, கானான் நாடுகளில் மழையும் இடியும் தரும் தெய்வம். விவிலியத்தின் பழைய ஏட்டில் இவன் பகைவனின் தெய்வம், பொய்த் தெய்வம். எக்ரோன் ஊரார் வணங்கியவனைப் பாகால்சேபூப் என்று குறிக்கிறது அந்நூல். ஈக்களின் தலைவன் என்று பொருள்படும். எந்த மக்கள் தங்கள் கடவுளை ஈக்களின் தலைவன் என்று போற்றுவர்? அறிஞர் பலர் இது வேண்டுமென்றே திரித்த பெயர் என்றே கொள்வர். செபுல் என்பதே மூலம். இளவரசன், மேன்மையன் என்று பொருள். ஓர் எழுத்தை மாற்றினர், மேன்மையன் ஈயாண்டான்! புதிய ஏற்பாட்டிலோ அதே பெயர் பேய்களின் தலைவனுக்கு ஆயிற்று.

இதைவிட அழுத்தமான சான்று வேறிடத்தில் உண்டு. சவுல் மன்னனின் மகன் ஒருவன் பெயர் நாளாகமத்தில் எஸ்பால். பாகாலின் பெயர் கலந்த பெயர். அதே மகன் சாமுவேலின் நூலில் இஸ்போசேத். போசேத் என்பது இழிவு, வெட்கம். அந்நாளில் பாகால் என்பது, ஆண்டவன் என்பதுபோல, எவரும் தயங்காது வைத்த பொதுப் பெயர். அரச குடும்பத்திலேயே வைத்தனர். பின்னாளில் ஏடு பெயர்த்தோர்க்கு அது கசந்தது. கடவுள் இருந்த இடத்தில் வெட்கத்தை எழுதினர். ஒரு நூலில் திருத்தினர். மற்றொன்றில் திருத்த மறந்தனர். அந்த மறதியால் நாம் உண்மை அறிகிறோம்.

வழக்கு ஒன்று எண்ணிப் பாருங்கள். வாதி பேசிவிட்டான், நீளமாக, நயமாக. பிரதிவாதியின் கூண்டோ வெற்றிடம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே நடந்தது பாகாலின் வழக்கு. தீர்ப்பும் வழங்கி, தண்டனையும் நிறைவேற்றியாயிற்று.

1928 ஆம் ஆண்டு சிரியாவின் கடற்கரையில், மினெத் எல் பைதா என்னுமிடத்தில், உழவன் ஒருவனின் கலப்பை கல்லில் தட்டியது. கல்லுக்கடியில் கல்லறை. மறு ஆண்டே பிரெஞ்சு அறிஞர் குளோது செஃபர் அகழாய்வு தொடங்கினார். அருகிலிருந்த ராஸ் ஷம்ரா மேட்டில், கி.மு. 1200 அளவில் எரிந்தழிந்த உகாரித் என்னும் நகரம் வெளிப்பட்டது. களிமண் பலகைகள் கிடைத்தன. ஆப்பு வடிவில் முப்பதே எழுத்துகள். அதுவரை எவரும் கண்டறியாத எழுத்து. ஹான்ஸ் பவர், எதுவார் தோர்ம், சார்ல் விரொல்லோ என்னும் மூவரின் முயற்சியால் 1930 இல் அது படிக்கப்பட்டது. முதலாமவர் செருமானியர், மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர். கிடைத்து ஓராண்டு அளவில் வாய் திறந்தது களிமண்! எழுதியவன் பெயரும் கிடைத்தது: இலிமில்கு.

இப்பலகைகளில் பாகால் தன் மக்களின் வாயால் பேசப்படுகிறான். கடலாகிய யாமுவோடு அவன் பொருதுகிறான். கம்மியத் தெய்வமான கோதர் அவனுக்கு இரண்டு தடிகள் செய்து தருகிறான். தடியைச் செய்ததோடு வேலை முடியவில்லை, ஒவ்வொன்றுக்கும் பெயரிடுகிறான். ஒன்று யக்ருஷ், துரத்துவது. மற்றொன்று அய்யமுர், விரட்டுவது. பெயரைச் சொல்லி, உன் பெயருக்கு ஏற்பச் செய் என்று ஏவுகிறான், தடி பறக்கிறது, கடல் வீழ்கிறது. இன்று கற்பனைக் கதைகளில் வாளுக்குப் பெயர், கோலுக்குப் பெயர் என்று வைக்கிறார்களே, அந்த வழக்கத்தின் முதுமையை இங்குக் காணலாம். பிறகு பாகாலைச் சாவு விழுங்குகிறது. மழை இல்லை, நிலம் வெடிக்கிறது. அனாத் என்னும் வீரமகள் சாவைப் பற்றி, வாளால் பிளந்து, தூற்றி, நெருப்பிலிட்டு, அரைத்து, வயலில் தூவுகிறாள். பாகால் மீள்கிறான், மழை மீள்கிறது. களத்துமேட்டில் நின்ற எவனுக்கும் இதன் பொருள் விளங்கும். பேயின் கதை அன்று இது. மழைக்கு ஏங்கிய உழவர் கதை. இவற்றிலே செபுல் என்னும் பட்டமும் பாகாலுக்கு வழங்குகிறது. இளவரசன், மண்ணின் தலைவன்! திரித்த பெயரின் மூலம் வெளிப்பட்டுவிட்டது.

பாகாலுக்குப் புதிதாகக் கோயிலெடுக்க நாம் சொல்லவில்லை. அவன் பெயரால் உண்டு கொழுத்தோரும் அந்நாளில் இருந்திருப்பர். உகாரித்தோ வடக்கே தொலைவில் இருந்த நகரம். விவிலிய ஏடுகளுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் அது மறுமொழி ஆகிவிடாது. ஆயினும் கூண்டு இனி வெற்றிடமன்று.

ஆனால் கற்பனைக்காரர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1667 இல் வெளியான 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தில் மில்டன் நரகத்தை மக்களால் நிரப்ப வேண்டியிருந்தது. எங்கே தேடினார்? தோற்ற மக்களின் கோயில்களில்! மோளோகு, காமோஸ், தாகோன், தம்மூஸ், ஐசிஸ், ஒசைரிஸ் — சிரியர் தெய்வமும் பெலிஸ்தர் தெய்வமும் எகிப்தியர் தெய்வமும் வரிசையாக வந்து பேய்ப்படையில் சேர்கின்றன. அவர்களின் வானுலகப் பெயர்கள் ஏடுகளிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டன என்றும் அவரே பாடுகிறார். சாத்தானுக்கு அடுத்த இருக்கையில் நம் ஈயாண்டான். காவியத்தின் மிடுக்கை மறுப்போர் எவருமில்லை. ஆங்கிலத்தில் நரகம் இதைவிட அழகாகக் கட்டப்பட்டதில்லை. அந்த அழகே இடர். 1977 இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் கொடுவிலங்கு நூலில் பால்செபுல் நரகத் தலைவருள் ஒருவனாக நிற்கிறான். செபுல் என்னும் மேன்மைப் பட்டமும் இருக்கிறது, ஈக்களின் தலைவன் என்னும் இழிமொழியும் இருக்கிறது! உகாரித்தின் பலகைகள் படிக்கப்பட்டு அப்போது 47 ஆண்டு. பகடை உருட்டிய சிறுவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது பழைய தீர்ப்பின் படி மட்டுமே.

அதே விளையாட்டில் 1976 முதல் மற்றொரு பேயரசன் உண்டு: டெமொகார்கன். 2016 இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரால் உலகெங்கும் பிள்ளைகள் அறிந்த பெயர். இவனை எந்த மக்கள் வணங்கினர்? எவரும் இல்லை. ஸ்டேஷியஸ் என்னும் உரோமப் புலவரின் காவியத்தில், பெயர் சொல்லவும் அஞ்சத்தக்க ஒருவன் குறிக்கப்படுகிறான். பின்வந்த உரைகாரர், உலகைச் செய்தோன் என்னும் பொருளில் டெமியூர்கஸ் என்ற கிரேக்கச் சொல்லால் அதை விளக்கினார் என்பர். படி எடுத்தவர் கையில் சொல் சிதைந்தது, டெமொகார்கன் பிறந்தான்! 14 ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ தெய்வங்களின் கொடிவழியை எழுதப் புகுந்தபோது, இந்த எழுத்துப்பிழையை எல்லாத் தெய்வங்களுக்கும் மூதாதையாக முதலில் அமர்த்தினார். மில்டனின் காவியத்தில் அஞ்சத்தக்க பெயராக வருகிறது. ஷெல்லி 1820 இல் வெளியிட்ட நாடகத்தில் கொடுங்கோல் தெய்வத்தையே அரியணையிலிருந்து இறக்கும் பொறுப்பை இவனிடம் ஒப்படைத்தார். பிழை நல்ல கையில் சேர்ந்தது என்று மகிழலாம். உண்மையாக வணங்கப்பட்ட நோடென்சுக்குக் கதை இல்லை. வணங்கப்படாத பிழைக்கோ வாழ்வு! பெயரின் ஆற்றல் தெய்வத்திடம் இருந்திருந்தால் இப்படி நடக்குமா? எழுதும் கையிலே இருக்கிறது.

இதனை உணர்ந்து எழுதியவர் என்று நாம் உர்சுலா லெ குவினைச் சொல்வோம். கலிபோர்னியாவில் 1929 இல் பிறந்து 2018 இல் மறைந்த அம்மையார். 'எர்த்சீ' என்னும் தீவுலகம் அவர் படைப்பு. 1968 இல் வந்த முதல் நூலில், ஒவ்வொருவர்க்கும் ஊர் அழைக்கும் பெயர் ஒன்று, மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயர் அறிந்தவன் ஆளலாம், அழிக்கலாம். ஆகவே அதை உயிர்த் தோழனுக்கே சொல்வர். எகிப்தின் இரா அறிந்த பாடமே இது. ஆனால் 1971 இல் வந்த இரண்டாம் நூலான 'அதுவான் கல்லறைகள்' இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே பாலைவனத்தில் பழங்கோயில் ஒன்று. பெயரற்ற தெய்வங்கள் அங்கு வதிகின்றன. அவர்களை மெய்யாக நம்புவோர் அருகிவிட்டனர். கடவுளரசனின் புதுக்கோயில்தான் செழிக்கிறது. ஆயினும் சடங்கு நிற்கவில்லை. ஐந்தாறு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொணர்ந்து, அவள் பெயரைப் பறித்து, தலைமைப் பூசாரி ஆக்குகின்றனர். இனி அவள் டெனார் அல்லள், அர்ஹா. உண்ணப்பட்டவள் என்று பொருள்.

மறக்கப்பட்ட தெய்வத்தைக் கண்டு மெய்சிலிர்க்கும் கதைகளை எத்தனையோ படித்திருக்கிறோம். அந்தத் தெய்வத்திற்கு யார் பலியாகிறார் என்று கேட்ட கதை இது. பெயரற்ற தெய்வம், தான் வாழ, ஒரு பெண்குழந்தையின் பெயரைத் தின்கிறது. திருட வந்து இருட்டில் சிறைப்பட்ட கெட் என்னும் மந்திரக்காரன் அவளுக்குச் செய்யும் உதவி யாது? வாளா, தீயா? அவள் பெயரை அவளிடம் சொல்கிறான். டெனார் நிமிர்கிறாள், இருவரும் வெளியேறுகின்றனர், கோயில் இடிகிறது. நாம் படித்த கற்பனைக் கதைகளுள், கோயில் இடிவது இவ்வளவு நியாயமாக அமைந்தது வேறில்லை.

இந்த அம்மையார்க்குப் பெயரின் அருமை எங்கிருந்து தெரிந்தது? அவர் வீட்டிலேயே அதற்கொரு வரலாறு உண்டு. அவர் தந்தை ஆல்பிரட் குரோபர், மானிடவியல் அறிஞர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1848 இல் கலிபோர்னியாவில் பொன் கண்டனர். வெள்ளையர் வெள்ளமெனப் புகுந்தனர். மலைச்சரிவில் வாழ்ந்த யாகி என்னும் சிறுகுடியினரை 1860 களில் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றனர். எஞ்சிய சிலர் நாற்பது ஆண்டுகள் மலையில் மறைந்து வாழ்ந்தனர், ஒவ்வொருவராக மாண்டனர். 1911 ஆகஸ்டு 29 அன்று, ஓரோவில் என்னும் ஊரின் கசாப்புக் கொட்டிலருகே, பசியால் நலிந்த ஒருவர் தனியராக வந்து நின்றார். அவர் மொழியைப் பேச உலகில் எவரும் இல்லை. சிறையில் வைத்தனர். குரோபரின் துறையினர் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துச் சென்று, பல்கலைக்கழகக் காட்சியகத்தில் தங்கவைத்தனர். அங்கே துப்புரவுப் பணியில் உதவினார். வந்தவர்க்கு அம்பு செய்து காட்டினார். மரவாத்தின் கதையை மணிக்கணக்கில் சொன்னார். மெழுகு உருளைகளில் அவர் குரலைப் பதிந்தனர்.

செய்தித்தாளார் பெயர் கேட்டனர். அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே அயலார்க்கு உரைப்பது அவர் குடியின் மரபன்று. அவரை அறிமுகம் செய்ய உடன்பிறந்தார் எவரும் உயிரோடில்லை. ஏதேனும் ஒன்று வேண்டுமே என்று குரோபர் இஷி என்றழைத்தார். அவர் மொழியில் மனிதன் என்பது அதன் பொருள்.

1916 மார்ச்சில் இஷி காசநோயால் இறந்தார். பிணத்தை அறுக்க வேண்டா என்று தொலைவிலிருந்த குரோபர் எழுதினார், கடிதம் பிந்தியது. அறுத்தனர், மூளையைத் தனியே எடுத்தனர். பிறகு அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியவரும் குரோபரே. அவர் துணைவியார் தியோடோரா, இஷியின் வாழ்க்கையை 1961 இல் நூலாக எழுதினார். அவ்விருவரின் மகளே லெ குவின். இஷி மறைந்து பதின்மூன்றாண்டு கழித்துப் பிறந்தவர், நேரில் கண்டவரல்லர். மெய்ப்பெயரை நம்பத்தக்கார்க்கே உரைக்கும் தீவுலகத்தை அவர் படைத்தது, தாயாரின் நூல் வெளிவந்த ஏழாம் ஆண்டில்.

பெர்க்லியில் குரோபரின் பெயரால் ஒரு கட்டடம் இருந்தது. 2021 சனவரியில் பல்கலைக்கழகம் அப்பெயரை நீக்கியது. ஸ்மித்சோனியனில் இருந்த மூளையோ, 2000 ஆம் ஆண்டில், இஷியின் குடிக்கு உறவினரான ரெட்டிங் ரான்சரியா, பிட் ரிவர் மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டது. சாம்பலோடு சேர்த்து அதை அவர்கள் அடக்கம் செய்தனர். இடத்தை வெளியார்க்குச் சொல்லவில்லை.